ஓர் ஆள் இடம்

புளியந்தாங்கலிலிருந்து காலை ஆறு ஐம்பதுக்குப் புறப்பட்டு மெட்ராஸுக்குப் போகிற பாசஞ்சர் வண்டியில், என்ஜினிலிருந்து எண்ணினால் மூன்றாவது பெட்டியில், ஏகாம்பரத்துக்குக் காரியம் முடிந்த மறுநாள் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறவர்கள் அந்த வண்டியில் ஏறியதில்லை என்று அர்த்தம். அந்த வண்டியில் ஒருவர் சட்டைப் பொத்தான் அடுத்தவர் சட்டைத் துளையில் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் நாலு ஸ்டேஷன் சேர்ந்தே போனதுண்டு, தூக்கிய கையை இறக்க வழியில்லாமல் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிப்போனவர்கள் உண்டு, மூக்கு அரித்தால் பக்கத்து ஆளைத்தான் சொறியச் சொல்லவேண்டும், அவரும் சலிக்காமல் சொறிந்துவிடுவார். அப்பேர்ப்பட்ட பெட்டியில், இடதுபக்க வாசலையொட்டிய கம்பியோரமாக, ஐந்தடி ஆறங்குல உயரத்துக்கு, ஓர் ஆள் அகலத்துக்கு, யாருடைய தோளும் முழங்கையும் தொடாமல் ஒரு காலி இடம் தன்பாட்டுக்கு நின்றுகொண்டு வந்தது.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. பிளக்கவும் அங்கே இடம் போதாது என்பது ஒருபுறம் இருக்க, அது யாருடைய இடம் என்று பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்பத்தூருக்குப் போனவர் ஏகாம்பரம், அங்கே ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை, அதிகம் பேசமாட்டார், பேசினால் பெண் செவ்வந்தி வேலூரில் நர்ஸுக்குப் படிக்கிற பெருமையைப் பேசுவார். விவரம் தெரியாமல் அன்று புதிதாக ஏறிய ஒரு பாங்க் கேஷியர், அடடா இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டா இப்படி நசுங்குகிறார்கள் என்று காலை எடுத்து வைக்கப் போனார், கால் போகவில்லை. யாரும் தள்ளவில்லை, எதுவும் தடுக்கவில்லை, ஒரு பெரிய மனுஷர் நின்றுகொண்டிருக்கும்போது அவர் பாதத்தை மிதிக்க நமக்கு எப்படிக் கால் வராதோ அப்படித்தான் அவருக்கும் வரவில்லை. "மன்னிச்சுக்குங்க சார்" என்று காலி இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் திரும்பவும் நெரிசலுக்குள் போய் நசுங்கினார்.

ஏகாம்பரம் வண்டியிலிருந்து விழுந்தது பதினாறு நாளுக்கு முந்தி, ஒரு திங்கட்கிழமை. முந்தின வண்டி ரத்தாகிவிட்டதால் இரண்டு வண்டிக் கூட்டம் ஒரு வண்டியில் ஏறியிருந்தது. ஏழுகண் பாலத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில் வண்டி திரும்பியபோது உள்ளே இருந்த முந்நூறு பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள், அந்த முந்நூறு பேர் பாரமும் தோளுக்குத் தோள் கைமாறிக் கைமாறி வாசலோரம் நின்ற ஓர் ஆள்மேல் வந்து முடிந்தது, அந்த ஆள் ஏகாம்பரம். சங்கிலியை இழுத்தார்கள், சங்கிலி கையோடு வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. மழை வேறு. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடிவந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் ஒவ்வொருத்தருக்கும், தன் தோள்தான் கடைசியாகத் தள்ளிய தோளோ என்று மனசு அறுத்துக்கொண்டிருந்தது, ஒருத்தரும் இன்னொருத்தரிடம் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால்தான் அந்த இடம் திரும்பி வந்தபோது யாரும் பயப்படவில்லை, வந்தாரே என்று நிம்மதிதான் பட்டார்கள்.

வந்தவரைக் கவனிக்கவேண்டாமா. அந்தப் பெட்டியில் மாசச் சீசன் டிக்கெட்டில் வருகிற சீசன்காரர்கள் தங்களுக்குள் வைத்திருந்த ஒரு முறை உண்டு, புளியந்தாங்கலில் ஏறி உட்கார்ந்தவர்கள் பாதி வழியில், செய்யாற்றுத்தோப்பு ஸ்டேஷன் வந்ததும், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துவிடுவார்கள், நின்றவர்கள் உட்காருவார்கள், யார் எந்த நாள் என்று முறை வைத்து நடக்கும், எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத இந்தச் சட்டத்தை அதுவரை ஒருத்தரும் மீறியதில்லை. வியாழக்கிழமை ஏகாம்பரத்தின் முறை. அந்த வியாழக்கிழமை செய்யாற்றுத்தோப்பு வந்ததும், மின்வாரியத்தில் பில் எழுதுகிற பெஞ்சமின் தன் ஜன்னலோர இடத்திலிருந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "உக்காருங்கண்ணே" என்றார். கம்பியோரத்துக் காலி இடம் நகர்ந்து வந்து ஜன்னலோரத்துக் காலி இடம் ஆனது. அதற்குப் பிறகு சீட்டாட்டத்தில் அவருக்கும் ஒரு கை போட்டார்கள், உயிரோடு இருந்தபோது எப்படித் தோற்றாரோ அப்படியேதான் இப்போதும் தோற்றார். கைக்குழந்தைக்காரிகள் அந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்ள ஆரம்பித்தார்கள், அங்கே காற்று வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை லீவு, இடமும் வராது. ஒருநாள் ஒருத்தர் எலுமிச்சம்பழமும் குங்குமமும் கொண்டுவந்து வைக்கப் பார்த்தார், பெஞ்சமின் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போய்யா. இது சாமி இல்ல. சீசன்காரரு" என்றார்.

இந்தச் சேதி கோமளாவுக்கு வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. கோமளா ஏகாம்பரத்தின் மனைவி, புளியந்தாங்கல் ரேஷன் கடையில் எடை போடுகிறவள், அவள் தராசில் முள் நடுவில் வந்து நிற்காமல் ஒரு மணி சர்க்கரை யார் பையிலும் விழாது, கூடவும் விழாது குறையவும் விழாது. ஊர் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டம்மா ஒருமுறை "பார்த்துப் போடு கோமளா" என்றதற்கு, "பார்த்துத்தான் போடறேன், அதனாலதான் இவ்வளவு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டவள். அழுதழுது கண் வற்றிப்போன நிலையில் அந்தச் சேதியைக் கேட்டாள், கேட்டதும் முதலில் வந்தது கோபம். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஆறு ஐம்பதில் ஏறினாள். பெண்கள் பெட்டியில் ஏறவில்லை, மூன்றாவது பெட்டியில்தான் ஏறினாள், முந்நூறு பேரும் எப்படியோ விலகி வழிவிட்டார்கள்.

அந்த இடத்தின் எதிரில் நின்று தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். எடை போட்டுப் பழகிய கண், தப்பாது. அறுபத்து மூன்று கிலோ. தோள் இருக்கவேண்டிய இடத்தில் தோள் அகலம், வலதுபக்கம் கொஞ்சம் சரிந்து நிற்கிற அந்தச் சரிவு, லேத்தில் நின்று நின்று வந்த சரிவு, அதுவும் அப்படியே இருந்தது.

"ஏங்க, ரயிலுக்கு வரத் தெரியுது, வீட்டுக்கு வரத் தெரியலையா" என்று கேட்டாள்.

பெட்டியில் இருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். கோமளா அம்பத்தூர்வரை அந்த இடத்தோடு ஒட்டி நின்றுகொண்டே போனாள், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரோடு வேலைக்குப் போன ஒரே நாள் அது, அம்பத்தூரில் அந்த இடம் இறங்கிப் போனதும் அடுத்த வண்டியைப் பிடித்து வீடு திரும்பினாள். மனசு லேசாக இருந்தது, அதை அவளால் யாரிடமும் சொல்லமுடியவில்லை.

அந்த லேசைக் கெடுப்பதற்கென்றே நாலு மாதம் கழித்து ஒரு காகிதம் வந்தது. வக்கீல் ரோஸ்லின் மூலமாகக் கோமளா தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டு மனுப் போட்டிருந்தாள், அதற்கு ரயில்வே தரப்பில் கொடுத்த பதில் அது. ரோஸ்லினும் அதே வண்டியில் வந்துபோகிறவர்தான், கறுப்புக் கோட்டைக் கசங்காமல் காப்பாற்றுவதற்காகத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டே பத்து வருஷம் பயணம் செய்தவர். பதிலை அவர் கோமளாவுக்கு வாசித்துக் காட்டினார். இறந்தவரிடம் பயணச்சீட்டு எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே அவர் பயணி அல்ல. அவர் தண்டவாளத்தை அத்துமீறிக் கடக்கும்போது அடிபட்டிருக்கவேண்டும். கூடப் பயணம் செய்ததாகச் சொல்கிறவர்களின் சாட்சியத்தை ஏற்பதற்கில்லை, ஏனென்றால் அவர்களே சொல்கிற அளவுக்கு நெரிசல் இருந்திருந்தால் ஒருவர் விழுந்ததை யாரும் பார்த்திருக்க முடியாது.

"சீசன் எடுத்த அடிக்கட்டை ஸ்டேஷன்ல இருக்குமே" என்றாள் கோமளா. அப்போதெல்லாம் புளியந்தாங்கல் மாதிரிச் சின்ன ஸ்டேஷனில் சீசன் டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுப்பார்கள், பாதி நமக்கு, பாதி புத்தகத்தில்.

"அந்த மாசத்துப் புத்தகம் கிடைக்கலேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க பயப்படாதீங்க. ரயில்லேர்ந்து தவறி விழுந்து செத்தா, தப்பு யாருதுன்னு சட்டம் கேக்காது. ரயில்வே குடுத்துத்தான் ஆகணும். செத்தவர் பயணியா, அது ஒண்ணுதான் கேள்வி. டிக்கெட் கிடைக்கலேங்கறதுக்காகவே கேஸ் போயிடாது, நாம சத்தியம் பண்ணிச் சொன்னா, இல்லேன்னு காட்ட வேண்டியது அவங்க பாடு."

கோமளாவுக்குச் சட்டம் புரிந்தது. செவ்வந்திக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி, இழப்பீடு வராவிட்டால் அதை நிறுத்தவேண்டியதுதான், அது தெரிந்ததுதான். ஆனால் பாயில் படுத்தால் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது அந்த இரண்டு வார்த்தை. அத்துமீறியவர். டிக்கெட் இல்லாதவர். ஒருமுறை மாசம் பிறந்தது தெரியாமல் பழைய சீசனோடு ஏறிவிட்டு, பாதி வழியில் ஞாபகம் வந்து, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, டிக்கெட் வாங்கி, அதற்கடுத்த வண்டியில் போய், அரைநாள் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள் என்று வந்து நின்ற மனுஷர் அவர். பைத்தியக்காரத்தனம் என்று அவள்தான் அன்று திட்டினாள். இப்போது அவளுக்கு அதை நினைத்தால் தலை நிமிர்ந்தது.

இந்தச் சமயம் பார்த்து அந்த வண்டிக்கு மாசிலாமணி என்ற புது டிக்கெட் பரிசோதகர் மாற்றலாகி வந்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், சொந்த மாமனாருக்கே அபராதம் எழுதி, அந்த ரசீதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவைத்த ஆள், தீபாவளிக்கு மாமனார் வீட்டில் இன்னமும் அவருக்குத் தனி இலைதான். அவர் எழுதிய ரசீது ஒன்றுகூட இதுவரை தப்பு என்று திரும்பி வந்ததில்லை, அதுதான் அவருக்குச் சொத்து. நெரிசலைப் பிளந்துகொண்டு மூன்றாவது பெட்டிக்குள் வந்தவர், கம்பியோரத்தில் நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"ஏகாம்பரம் சார். லேத் பட்டறை. செத்து நாலு மாசமாச்சு" என்றார் பெஞ்சமின்.

"எங்க போறாரு?"

"அம்பத்தூர் சார்."

"டிக்கெட்?"

பெட்டி மொத்தமும் சிரித்தது, மாசிலாமணி சிரிக்கவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு ஒருவர் போகிறார் என்றால் அவருக்கு டிக்கெட் இருக்கவேண்டும், இருப்பது உடம்போடா உடம்பில்லாமலா என்று விதியில் எங்கேயும் கேட்கவில்லை என்றார். நிதானமாகப் பேனாவைத் திறந்து, கார்பன் வைத்து எழுதினார். பெயர் ஏகாம்பரம், புளியந்தாங்கல் முதல் அம்பத்தூர் வரை, டிக்கெட் இல்லாப் பயணம். கூட இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்ட வந்தார்கள், அடுத்தவர் கட்டக்கூடாது, அவரோ அவர் வீட்டாரோதான் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு, நோட்டீஸை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

நோட்டீஸைப் பார்த்ததும் ரோஸ்லின் கைதட்டாத குறை. "கோமளாம்மா, இதைவிட வேற சாட்சி வேணுமா. அவங்க புத்தகம், அவங்க முத்திரை, அவங்க ஆளு கையெழுத்து. வண்டிக்குள்ள இருந்தாருன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. வெறும் நோட்டீஸை நாம காட்டினா ஏதோ தப்பா எழுதினதுன்னு தட்டிக்கழிச்சுடுவாங்க, பேசாம அபராதத்தைக் கட்டிட்டு ரசீதை வாங்கிக்குங்க, நான் அதைத் தூக்கித் தீர்ப்பாயத்துல வைக்கிறேன்."

"கட்டமாட்டேன்."

"ஏன்?"

"கட்டினா, டிக்கெட் இல்லாமப் போனாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

"அது ஒரு பேச்சுக்குத்தானே அம்மா. கேஸ் ஜெயிக்கும்."

"எந்தப் பேருல ஜெயிக்கும்? ஓசிப் பயணம் போனவர் பொண்டாட்டிங்கற பேருல வர்ற காசு எனக்கு வேணாங்க. அத்துமீறினவர்னு அவங்க சொன்னா அது பொய், டிக்கெட் இல்லாதவர்னு நான் கையெழுத்துப் போட்டா அதுவும் பொய். ஒரு பொய்யை அடிக்க இன்னொரு பொய்யை நான் நிறுத்துப் போடமாட்டேன்."

பெட்டி இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. புளியந்தாங்கலில் தொடங்கும் சண்டை அம்பத்தூரில் முடியும், சாயங்காலம் திரும்பி வரும்போது மறுபடி தொடங்கும். படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு ரோஷம் ஆகுமா என்றது ஒரு கட்சி, ரோஷம் இல்லாதவன்தான் அப்படிக் கேட்பான் என்றது இன்னொரு கட்சி, சீட்டாட்டம் நின்றுபோனது, பேசாமல் இருந்தது அந்த இடம் மட்டும்தான். கடைசியில் செவ்வந்தி வேலூரிலிருந்து வந்தபோது கோமளா அவளிடமே கேட்டாள், பணம் வராமல் போனால் உன் படிப்பு நின்றுவிடும், நீ சொல் என்றாள். செவ்வந்தி அந்த நோட்டீஸை இரண்டு தடவை வாசித்தாள்.

"அப்பா பேருக்குப் பக்கத்துல இந்த வார்த்தை நல்லால்லம்மா. கட்டாதே" என்றாள். கோமளா பெண்ணைக் கட்டிக்கொண்டு, அன்றைக்குத்தான் நன்றாக அழுதாள்.

அபராதம் கட்டமாட்டேன் என்றவள் அதோடு சும்மா இருக்கவில்லை. மாசம் பிறந்ததும் ஏகாம்பரத்தின் போட்டோ ஒட்டிய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு டிக்கெட் கவுன்டருக்குப் போய், "இவருக்கு ஒரு சீசன், அம்பத்தூருக்கு" என்றாள். கவுன்டரில் இருந்தவர் பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு மாசமும் அந்த முகத்துக்குச் சீசன் எழுதியவர், தலையை நிமிர்த்தாமலே எழுதிக் கொடுத்தார். கோமளா அதை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி, சட்டைப்பை இருந்த உயரத்துக்கு அந்த இடத்தில் நீட்டி, கையை எடுத்தாள். சீசன் டிக்கெட் கீழே விழவில்லை, அங்கேயே நின்றது, வண்டி ஆடியபோது சட்டைப்பையில் இருப்பதுபோல லேசாக ஆடிக்கொண்டது.

அடுத்தமுறை வந்த மாசிலாமணி அதை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். பெயர் சரி, தேதி சரி, ஊர் சரி. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு நகரப் போனவரை கோமளா நிறுத்தினாள்.

"அன்னைக்கு எழுதினீங்களே, அதை அடிச்சுடுங்க."

"அது முடியாதும்மா. அன்னைக்கு டிக்கெட் இல்ல, எழுதினேன். எழுதினது புத்தகத்துல இருக்கு."

"அன்னைக்கு இல்லாததுக்குக் காரணம், விழுந்த அன்னைக்குத் தொலைஞ்சது. தொலைஞ்சது உங்க வண்டியில. ஒண்ணாந் தேதி எடுத்த சீசன், மூணாந் தேதி விழுந்தாரு, அவருக்கு அதோட மாசம் நின்னுபோச்சு, சீசன் மட்டும் எப்படிக் காலாவதியாகும். அடிக்கட்டையைக் காணோம்னு உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்க போய்த் தேடினீங்களா?"

"நான் ஏம்மா தேடணும்?"

"உங்க புத்தகத்துல தப்பு இருக்கே, அதுக்காக."

அந்த வார்த்தை மாசிலாமணியை எங்கே தொட்டதோ, அபராதப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கோமளாவின் கணவர் பெயரில் ஒரு கறை என்றால், மாசிலாமணியின் புத்தகத்தில் ஒரு கறை, இரண்டு பேரும் ஒரே தினுசு ஆட்கள், அதனால்தான் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

விசாரணை நாள் வந்தபோது மூன்றாவது பெட்டி மொத்தமும் சம்பளம் போனால் போகிறது என்று லீவு போட்டது. அன்று ஆறு ஐம்பதில் கோமளா கம்பியோரமாகப் போய் நின்று, "இன்னைக்கு ஒருநாள் பட்டறைக்கு லீவு சொல்லிடுங்க. உங்க கேஸு, நீங்க இல்லாம எப்படி" என்றாள். சொல்லிவிட்டு, சீசன் அம்பத்தூர்வரைதானே, அதற்குமேல் மெட்ராஸுக்கு என்று காலையிலேயே வாங்கி வைத்திருந்த டிக்கெட்டைச் சீசனோடு சேர்த்து வைத்தாள். அம்பத்தூர் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த இடம் அங்கே இறங்கவில்லை.

தீர்ப்பாயத்தின் கூடம் சின்னது, ஐம்பது பேருக்கு மேல் கொள்ளாது, இவர்கள் முந்நூறு பேர். நெருக்கி நிற்பதெல்லாம் இவர்களுக்குப் புதிதா என்ன, ஐந்தே நிமிஷத்தில் கச்சிதமாக அடைந்துகொண்டார்கள். அவ்வளவு அடைசலிலும் கோமளாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக நின்றது, பை உயரத்தில் இரண்டு டிக்கெட்டுகள். நீதிபதி உள்ளே வந்து உட்கார்ந்தார், கூட்டத்தைப் பார்த்தார், அந்த இடத்தைப் பார்த்தார். எத்தனையோ கூட்டத்தைப் பார்த்தவர், வழக்கை ஆரம்பிக்கச் சொன்னார்.

ரயில்வே வக்கீல் நல்ல கெட்டிக்காரர், கெட்டிக்காரர்கள் செய்கிற தப்பைத்தான் அவரும் செய்தார். மாசிலாமணி எழுதிய அபராத ரசீதின் நகல் அவர் கைக்குப் போயிருந்தது, கட்டாத அபராதம், கட்ட மறுத்த குடும்பம், இதைவிட என்ன வேண்டும் என்று சந்தோஷத்தில் மாசிலாமணியையே தன் சாட்சியாகக் கூப்பிட்டார்.

"இந்த ஏகாம்பரம் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததை நீங்கள் நேரில் கண்டு எழுதியது இது. சரிதானே?"

"சரிங்க."

"கையெழுத்து உங்களுடையது?"

"ஆமாங்க."

"பார்த்தீர்களா ஐயா, வழக்கமாக டிக்கெட் இல்லாமல் போகிற ஆள்" என்று சொல்லி வக்கீல் உட்கார்ந்தார். ரோஸ்லின் எழுந்தார். கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கோமளா கட்டமாட்டேன் என்ற ரசீதை எதிராளியே கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறார், ரோஸ்லின் அதை எடுத்து மாசிலாமணியிடம் நீட்டினார்.

"இதை எங்கே வைத்து எழுதினீர்கள்?"

"ஓடுற வண்டியில. மூணாவது பெட்டி, இடதுபக்க வாசல் கம்பியோரம்."

"தண்டவாளத்தைக் கடக்கிறவர்களுக்கு இந்தப் புத்தகத்தில் எழுதுவீர்களா?"

"இல்லீங்க. வண்டிக்குள்ள இருக்கிற பயணிக்கு மட்டும்தான் இது."

கூடத்தில் முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள், ஜன்னல் கதவு அசைந்தது. ரயில்வே வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "அப்படியே வைத்துக்கொண்டாலும் டிக்கெட் இல்லாதவர்தானே" என்றார்.

கோமளா பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான், கேஸ் ஜெயித்தாலும் தோற்றாலும் இந்த வார்த்தை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்றுதான். மாசிலாமணி கூண்டில் நின்றபடியே தன் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து தூசி படிந்த ஒரு புத்தகத்தை எடுத்தார்.

"ஐயா, நான் நாலு நாள் லீவு போட்டு ஆபீஸ் கிடங்குல தேடினேன். கிடைக்கலேன்னு எழுதிக் குடுத்தது தப்பு, வேற வருஷத்துக் கட்டோட சேர்த்துக் கட்டி வெச்சிருந்தாங்க. எடுத்துட்டு வர மேலதிகாரிகிட்ட எழுத்துல அனுமதி வாங்கியிருக்கேன். ஏகாம்பரம், புளியந்தாங்கல் டு அம்பத்தூர், விழுந்த மாசம் ஒண்ணாந் தேதி எடுத்த சீசன், இதோ அடிக்கட்டை. டிக்கெட் இருந்த மனுஷர்கிட்ட நான் டிக்கெட் கேட்டு, இல்லேன்னு எழுதிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல என் புத்தகத்துல இருக்கிற தப்பு இது ஒண்ணுதான். தயவுபண்ணி இதை அடிச்சுக் குடுங்க." காலி இடத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். "இன்னைக்கும் செக் பண்ணேன். அம்பத்தூர்வரைக்கும் சீசன், அதுக்கப்புறம் தனி டிக்கெட். ரெண்டும் சரியா இருக்குது."

நீதிபதி அந்தப் புத்தகத்தை வாங்கி, அடிக்கட்டையைப் பார்த்து, ரசீதைப் பார்த்து, உள்ளே எழுந்து போனார். திரும்பி வர அரைமணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் ரயில்வே வக்கீல் தன் பக்கத்து நாற்காலியில் இருந்த கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "அவர் நின்னுக்கிட்டே இருக்காரேம்மா, உக்காரச் சொல்லுங்க" என்று கோமளாவிடம் மெதுவாகச் சொன்னார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, அவருடைய வேலை அது. "இருக்கட்டுங்க, தீர்ப்பு வரட்டும்" என்றாள் கோமளா.

நீதிபதி வந்து உட்கார்ந்து வாசித்தார். இறந்துபோன ஏகாம்பரம், முறைப்படி பயணச்சீட்டு வைத்திருந்த பயணி. அவர் ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்தார், அத்துமீறிக் கடந்தார் என்பதற்கு ஆதாரமில்லை. அவர்மீது எழுதிய அபராதம் ரத்து செய்யப்படுகிறது. சட்டப்படி உள்ள இழப்பீட்டை ரயில்வே வட்டியோடு குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டும். தொகையை அவர் சொன்னபோது கூடம் கலகலத்தது, பெஞ்சமின் பக்கத்து ஆளின் முதுகில் ஓங்கி அறைந்தார், செவ்வந்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோமளா மட்டும் கூட்டத்தின் நடுவிலிருந்து கையைத் தூக்கினாள்.

"ஐயா, இன்னொரு தடவை வாசிக்கணும்."

"எதை அம்மா? தொகையையா?"

"இல்லீங்க. அதுக்கு முன்னாடி முதல்ல ஒண்ணு வாசிச்சீங்களே, அதை. இந்த நெரிசல்ல இவருக்குச் சரியாக் கேட்டிருக்காது."

கூடம் அடங்கியது. நீதிபதி அவளைப் பார்த்தார், அவள் பக்கத்தில் வலதுபக்கம் கொஞ்சம் சரிந்து நின்ற அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்து நின்று, அந்த இடத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி முதல் வரியை இன்னொரு முறை வாசித்தார்.